அத்தானின் பெயரில் உள்ள மூன்று குறிகள் குறித்து ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மனைவியின் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், குளியலறையில் ஒழுகும் குழாய் உட்பட அனைவரும் சுகம். அங்கே தங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து, கையில் இரண்டு ஊசியோடு, உடம்பு ரத்தமெல்லாம் வெளியே போய் மெஷினில் அலசி உள்ளே வரும்வரை நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கும் மனிதரிடம் 'நலமா?' என்று கேட்டால் அவர் கேட்டவனை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன். கேட்டதாகவே வைத்துக்கொள்ளவும்.

இந்தக் காலத்தில் எவனாவது பேனா பிடித்துக் கடிதம் எழுதுவானா என்று நினைப்பீர்கள். வேறு வழி வைத்தீர்களா? பதினோரு தடவை போன் செய்தேன், பதினோரு தடவையும் வெட்டிவிட்டீர்கள். பன்னிரண்டாவது தடவை அக்கா எடுத்தாள். "அவரு உன்கூடப் பேச மாட்டாராம்டா. 'எனக்கு மச்சானே கிடையாது, வேணும்னா கம்ப்யூட்டர்ல தேடிப் பாரு, அவன் பேரு வராது'ன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். அப்புறம் அவளே ஒரு யோசனையும் சொன்னாள்: "எழுதிக் குடு. ஊசி குத்தியிருக்கும்போது எந்திரிச்சுப் போக முடியாதுல்ல, அப்போ நான் படிச்சுக் காட்டுறேன்." அதனால் இப்போது இதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறினால் மெஷின் கத்தும். (அக்கா, கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படி. நீ எப்போதும் மூச்சுவிடாமல் படிப்பாய்.)

உங்கள் கோபம் நியாயம்தான். போன மாதம் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை ஒரு சிறுநீரகம் வந்தது. உங்கள் ரத்த வகை, உங்களுக்குப் பொருந்துகிற எல்லாமும். மறுநாள் நீங்கள் டயாலிசிஸுக்குப் போனபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மீசைக்காரர் வரவில்லை. அந்த இடத்தில் நாற்காலி காலியானால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியுமாதலால், நீங்கள் நர்ஸிடம் மெதுவாக "போய்ட்டாராம்மா?" என்று கேட்டீர்கள். அவள் சிரித்துக்கொண்டே, "போகல சார், அவருக்குக் கிடைச்சிடுச்சு!" என்றாள். மீசைக்காரர் உங்களுக்கு இரண்டு வருஷம் பின்னால் பட்டியலில் சேர்ந்தவர். அவருக்கும் உங்களுக்கும் ஒரே ரத்த வகை. 'நல்லா இருக்கட்டும் மனுஷன்' என்றுதான் முதலில் சொன்னீர்களாம், அக்கா சொன்னாள். அதற்கப்புறம் ஒருங்கிணைப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். சிறுநீரகம் வந்தால் கம்ப்யூட்டர் தானாக மணி அடிக்கும், யாருக்கு அடித்தது என்று பார்த்து அப்புறம் பேசுகிறவர் அந்த அம்மாதான். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு உங்க பேரு வரவே இல்லையே சார்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டரை நடத்துகிறவன் நான். அத்தான், முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினீர்கள், ஸ்டாப்பில் கை காட்டிய ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை என்று டிப்போவில் உங்களுக்குப் பேர். அக்காவிடம் சொன்னீர்களாமே, "நாலு வருஷமா ஸ்டாப்புல நிக்கிறேன், வண்டி நிக்காமப் போயிருச்சு, ஓட்டினவன் உன் தம்பி" என்று. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள். வண்டி நிற்காமல் போனது நிஜம். ஓட்டினவன் நான் இல்லை. எழுத்து.

புரியும்படி சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், பஸ் ரூட்டுக்கு நம்பர் மாதிரி. எந்த நம்பர் எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை இருக்கும். நாற்பத்தேழு என்று போர்டு போட்டால் உங்கள் டிப்போ அட்டவணையில் அது மார்க்கெட்டுக்குப் போகும், பக்கத்து டிப்போ அட்டவணையில் அதே நாற்பத்தேழு சுடுகாட்டுக்குப் போகும். போர்டு தப்பில்லை, வண்டி தப்பில்லை, எந்த அட்டவணையை வைத்துப் படிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம். எங்கள் ஆபீஸில் இருபது வருஷமாக ஒரு பழைய அட்டவணை ஓடிக்கொண்டிருந்தது. அதில் மொட்டை எழுத்தானாலும், குறி போட்ட எழுத்தானாலும் ஆளுக்கு ஒரு இருக்கை. மூன்று வருஷத்துக்கு முன் புதிய கம்ப்யூட்டர் வந்தது, புதிய அட்டவணையோடு. அதில் மொட்டை எழுத்துக்கு ஒரு இருக்கை, தலையில் கோடோ, அடியில் வாலோ, மேலே புள்ளியோ வைத்த எழுத்துக்கு இரண்டு இருக்கை. பழைய அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டு புதிய வண்டியில் ஏறிப் பார்த்தால், இரண்டு இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள், முன்பின் தெரியாத இரண்டு பேராகத் தெரிவார். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானில்தான் மனிதர்கள் காணாமல் போகிறார்கள்.

இந்த ஊர் எழுத்தில் உங்கள் பெயரை எழுதினால் மூன்று இடத்தில் குறி வரும். முதலில் தலைக்கு மேல் ஒரு கோடு, நடுவில் அடியில் ஒரு வால், கடைசியில் மேலே இரண்டு புள்ளி. இது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி, ஏனென்றால் நீங்கள் தெரியவைத்திருக்கிறீர்கள். புதிய கம்ப்யூட்டர் வந்த முதல் நாள், பட்டியலில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் கொத்துக்கறி போட்ட மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுலதான் மூணு குறியும் இருக்கிற பேரு இருக்கே, உங்களுக்குத்தான் இது பழக்கம், நீங்களே பார்த்துக்கோங்க" என்றார். தகுதி இவ்வளவுதான்: உங்களுக்கு மச்சானாக இருப்பது.

நானும் ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு இருக்கையில் ஏறிய ஆளைச் சரியாக உட்காரவைக்கிற புரோகிராம். முதல் நாள் அருமையாக வேலை செய்தது, பெயரெல்லாம் பளிச்சென்று வந்தது, எல்லாரும் கை கொடுத்தார்கள். ஒரு தடவை ஓட்டினால் போதும் என்கிற புரோகிராமைத் தினமும் பகல் பன்னிரண்டுக்குத் தானாக ஓடும்படி வைத்துவிட்டு, எடுக்க மறந்துபோனேன். மறுநாள் அது சரியாக இருந்த பெயரையும் 'சரி' செய்தது. ஒரு குறி இரண்டாகியது, இரண்டு நாலாகியது, நாலு எட்டாகியது. வெள்ளிக்கிழமை ஒரு டீச்சர் அம்மாவின் ரத்தக் குப்பிக்கு லேபிள் அடிக்கக் கொடுத்தால் மெஷின் நிற்காமல் துப்பிக்கொண்டே இருந்தது. நர்ஸ் பொறுமையாக அந்த லேபிளைக் குப்பியைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, கால் உடைந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி மேலே அனுப்பினாள். உள்ளே ரத்தம் இருக்கிறதா என்று வெளியே தெரியவில்லை. "பேரு எங்க முடியுதுன்னு சொல்லுங்க சார், அங்க வெட்டிக்கிறேன்" என்று சீட்டு வேறு.

மேலாளர் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் வேகம் வந்தது. "புரியாத எழுத்தெல்லாம் எடுத்துட்டுக் கேள்விக்குறி போட்டுடுங்க" என்று உத்தரவு. வேண்டாம் மேடம், கோணல்மாணலாக இருந்தால்கூட எந்த எழுத்து என்று திரும்பக் கண்டுபிடித்துவிடலாம், கேள்விக்குறி போட்டால் அந்த எழுத்து செத்த எழுத்து, திரும்பி வராது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அன்று மதியம் வார்டில் நர்ஸ் தாளைப் பார்த்து, "கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி யாருங்க?" என்று கூப்பிட, மூன்று பேர் எழுந்து நின்றார்கள். நல்லவேளை, மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஒரே மருந்து. அந்த மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால்? அப்புறம் பழைய பிரதியிலிருந்து ஒவ்வொரு பெயராக நான் உட்கார்ந்து மீட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எளிமையான வழி ஒன்று வந்தது. எல்லாருக்கும் குறியை எடுத்துவிட்டு மொட்டையாகப் போட்டுவிடலாம், யார் யார் என்று அடையாளம் தெரியும், பிரச்சினை தீர்ந்தது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? குறியில்லாத டயாலிசிஸ் அட்டையை மூன்று தடவை திருப்பி அனுப்பினீர்கள். மூன்றாவது தடவை நீங்களே மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, மேலாளர் அம்மா மேஜையில் அட்டையை வைத்து, "கோடு இல்லாத ஆளு வேற யாரோ. அவனுக்கு கிட்னி வந்தா அவன்கிட்டயே குடுங்க" என்றீர்கள். அந்த அம்மா, "ஒரு கோட்டுக்கா சார் இவ்வளவு?" என்று கேட்டதற்கு, "நெஞ்சுல பேட்ஜ் குத்திக்கிட்டு வண்டி ஓட்டினவன்மா நான். அதுல இருக்கிற பேரு சரியா இருக்கணும்னு டிப்போவுல ஏழு வருஷம் சண்டை போட்டு வாங்கினேன். சாகும்போது வேற பேருல சாகச் சொல்றீங்களா?" என்றீர்கள். நான்தான் எழுந்து, சரி அத்தான், உங்கள் குறி மூன்றும் இருக்கும், நான் பொறுப்பு என்றேன். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபமும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. (அக்கா, பெருமை என்பதை இரண்டு தடவை படி.)

அன்றிலிருந்து நான் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் உங்கள் பெயரில்தான் போட்டுப் பார்ப்பேன். சோதனைக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள், அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். ஆகவே உயிரோடு ஆட்கள் காத்திருக்கும் நிஜப் பட்டியலிலேயே சோதனை. மூன்று வகைக் குறியும் ஒரே பெயரில் உள்ள ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பெயர் நேராக வந்துவிட்டால் ஊர் முழுக்க நேராக வந்துவிடும்.

அதில் ஒரு தடவை நடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை, உங்கள் பெயரில் ஒரு மாற்றத்தைப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போன் அடித்துவிட்டது. குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டுபோகிற அந்தப் போன். வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் எப்போதும் தயாராக இருக்கும் பையை எடுத்துக்கொண்டு, அக்கா இரண்டு ஜோடியிலிருந்து காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு, நீங்கள் பாதி முகம் சவரம் செய்து பாதி முகம் நுரையோடு, இஸ்திரி போட்ட நல்ல சட்டையில் வந்து நின்றீர்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா, "யாரு சார் கூப்பிட்டது? இன்னிக்கு எதுவும் வரலையே" என்றார். நான் மூன்று மாடியும் ஓடி இறங்கி வந்தேன். நீங்கள் சட்டைக் கையால் நுரையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மாப்ளே, ஒத்திகை பார்த்துக்கிட்டோம்" என்றீர்கள். அக்காதான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "இனிமே பொய்யா ஒரு தடவகூட அந்தப் போன் அடிக்கக் கூடாதுடா. சத்தியம் பண்ணு" என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மறுநாளே அதற்கு ஒரு ஏற்பாடும் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ சோதனை செய்திருக்கிறேன், ஒரு தடவையாவது உங்கள் வீட்டில் பொய்யாக மணி அடித்ததா? சொன்ன வாக்கை நான் காப்பாற்றியிருக்கிறேன் அத்தான், அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

இப்போது பதினெட்டாம் தேதிக்கு வருகிறேன். குறி போட்ட எழுத்தில் இன்னொரு கூத்து உண்டு. குறியோடு சேர்ந்தே பிறந்த எழுத்து ஒரு வகை. மொட்டை எழுத்தை முதலில் ஏற்றி, குறியைத் தனி டிக்கெட்டில் பின்னால் ஏற்றுவது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒரே அச்சில் வார்த்த இரட்டை மாதிரி இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு ஆள். எங்கள் ஆபீஸ் முதல் வகையில் எழுதும். கீழே ரத்தப் பரிசோதனைக் கூடத்து மெஷின் இரண்டாம் வகையில் எழுதும். மாதாமாதம் வருகிற ரத்த ரிப்போர்ட் உரிய ஆளிடம் போய்ச் சேராது. ரிப்போர்ட் சேரவில்லையென்றால் கம்ப்யூட்டர், 'இவருக்கு உடம்பு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை' என்று அவரை ஓரமாக உட்காரவைத்துவிடும், அழைக்காது. இப்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முப்பத்தேழு பேர், பாவம், அவர்களுக்கே தெரியாமல். அதைக் கண்டுபிடித்ததும் நான்தான், சரிசெய்ததும் நான்தான். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கோடு, வால், இரண்டு புள்ளி மூன்றும் ஒரு பிசகு இல்லாமல் உங்கள் பெயர் திரையில் வந்து நின்றது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் திரையை அப்படியே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். "சபாஷ் மாப்ளே, கோடு நேரா இருக்கு" என்று பதில் போட்டீர்கள். அக்கா அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். என் இருபத்திரண்டு வருஷ வேலையில் யாராவது ஃபிரிட்ஜில் ஒட்டிய ஒரே விஷயம் அது.

ஆகவே தவறு எங்கே என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் பெயர் சுத்தம். பரிசோதனைக் கூடத்துப் பக்கம்தான் உங்கள் ரிப்போர்ட்டை மறுபடியும் இரண்டாம் வகையில் எழுதித் தொலைத்திருக்க வேண்டும், முப்பத்தெட்டாவது ஆளாக நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். விசாரணை நடக்கிறது. விசாரிக்கும் பொறுப்பையும் மேலாளர் அம்மா என்னிடமே கொடுத்திருக்கிறார், இந்த எழுத்து விஷயம் வேறு யாருக்கும் புரியாதாம். பரிசோதனைக் கூடத்துக்காரர் வழியில் என்னைப் பிடித்து, "சார், அந்த மெஷின நான் தொடவே இல்ல சார், நம்புங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிற மனிதர். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன் நான். என் அறிக்கை தயார், நாளைக் காலை மேலாளர் அம்மா மேஜைக்குப் போகிறது. உங்களுக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்பதற்காக, அந்த வெள்ளிக்கிழமை எடுத்த போட்டோவைக் கடையில் கொடுத்துப் பெரிய சைஸில் அச்செடுத்து இத்துடன் வைக்கப்போகிறேன். தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு என் மேல் குற்றம் உண்டா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என்னுடைய சிறுநீரகத்தைத் தரலாமென்று பார்த்தால் ரத்தம் சேரவில்லை, அக்காவுக்கோ சர்க்கரை. கொடுக்க முடிந்தது இந்த வேலை ஒன்றுதான், அதையாவது ஒழுங்காகச் செய்தேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உப்பைக் குறையுங்கள். தண்ணீரை அளந்து குடியுங்கள், அக்கா திரும்பின பக்கம் குழாயடிக்குப் போகாதீர்கள். நீங்கள் நூறு வயது இருந்து, அத்தனை வயதுக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டுமென்று மனதார வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு என் அன்பு. வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும் பைக்கும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காத உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: அக்கா, இதற்குமேல் சத்தமாகப் படிக்காதே. தாளை அவரிடம் கொடு. ஊசி குத்தாத கையில் கொடு.

அத்தான், மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டுப் போட்டோவை அச்செடுக்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பேரு மட்டும் தெரிஞ்சா போதும்ல சார்? கீழ மூலைல என்னமோ கட்டம் கட்டமா இருக்கு, அத வெட்டிடவா?" என்று கேட்டார். எதை வெட்டுவது என்று குனிந்து பார்த்தேன். வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். பக்கத்தில், 'சோதனைப் பதிவு. அழைக்க வேண்டாம்.'

அதுதான் அக்காவுக்குச் சத்தியம் செய்த மறுநாள் நான் செய்த ஏற்பாடு. சோதனைக்கு உங்கள் பெயரை எடுக்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் போடுவேன், கம்ப்யூட்டர் உங்கள் வீட்டுக்குப் போன் அடிக்காது. முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் எடுத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை பெயர் நேராக வந்த சந்தோஷத்தில் போட்டோ எடுத்தேன், உங்களுக்கு அனுப்பினேன், நீங்கள் சபாஷ் போட்டீர்கள், நான் எழுந்து எல்லாரிடமும் காட்டப் போய்விட்டேன்.

கடையிலிருந்து நேரே ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தேன். ரத்த ரிப்போர்ட் ஐந்து மாதமும் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்துக்காரர் சொன்னது சத்தியம். பதினெட்டாம் தேதி காலை ஒன்பது பத்துக்குக் கம்ப்யூட்டர் பட்டியல் போட்டிருக்கிறது. முதல் பெயர் உங்களுடையது அத்தான். முதல் பெயர். கோடு, வால், இரண்டு புள்ளி, மூன்றும் சரியாக. அப்புறம் டிக்கைப் பார்த்துவிட்டு உங்களைத் தாண்டி மீசைக்காரரிடம் போயிருக்கிறது. எழுத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. வண்டி ஓட்டினவன் நான்தான்.

டிக்கை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதை மேலாளர் அம்மாவை நிற்கவைத்து மூன்று தடவை பார்க்கச் சொன்னேன். பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு அரைப் பக்கத்தில் வேறொன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கையை நீட்டினார். என் கழுத்தில் இருந்த ஆபீஸ் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போட்டோவை வெட்டாமல்தான் வைத்திருக்கிறேன். கடைக்காரர் மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, வெட்டு என்று சொல்ல வாய் வந்தது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. இதே படம் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஐந்து மாதமாக இருக்கிறது, தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா அதைப் பார்த்திருப்பாள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தைரியமில்லை.

பை வாசலிலேயே இருக்கட்டும். சோப்புப் பெட்டியில் போனை வைக்கிற பழக்கத்தையும் விடாதீர்கள். இனி அது அடித்தால் பொய்யாக இருக்காது. அந்தப் பக்கம் நான் இல்லை.